எதிர்ச்சுவரில் தாய்மாமன்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஜெயசித்ராவின் கண்ணில் முதலில் பட்டவன் அவள் கொழுந்தன் பாலாஜி.

அவன் அந்த நேரத்துக்குப் பெரம்பலூரில் கடையைத் திறந்து, கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருக்க வேண்டியவன். இங்கேயோ டீக்கடையை ஒட்டிய சுவரில், கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் செல்போனை வைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்குச் சிரித்தபடி நின்றான். பக்கத்தில் அவள் புருஷன் முத்துவேல், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில். நடுவில் நாத்தனார் பிரவீணாவின் இரண்டு பிள்ளைகள். மூலையில் ஒரு வட்டத்துக்குள் அவள் மகள் கவியாவும் இருந்தாள்.

‘தாய்மாமன் சீர் வருது, பழுவூரே வழி விடு’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

காதணி விழா போஸ்டர். பிரவீணாவைக் கட்டிக்கொடுத்த கீழப்பழுவூரில் வரும் ஞாயிற்றுக்கிழமை விசேஷம். தாய்மாமன்கள் போஸ்டர் அடிக்காமல் இருப்பார்களா? ஜெயசித்ராவுக்குச் சிரிப்புதான் வந்தது. பாலாஜி போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி அவளுடையது.

சிரிப்பு பாதியிலேயே நின்றது. படத்தை விட்டு எழுத்துக்குப் போன கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. தடித்த உடம்பு, அகலமான பாதம், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் உளி பட்டாற்போல ஒரு சாய்ந்த வெட்டு.

கருங்கல். அந்த எழுத்தின் பெயர் அதுதான். அதை வரைந்தவரின் கம்ப்யூட்டரைத் தவிர, உலகத்தில் வேறு ஒரே ஒரு கம்ப்யூட்டரில், ஒரே ஒரு கம்பெனியின் வேலைக்காக மட்டும் இருக்க வேண்டிய எழுத்து.

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு கூட வருகிறவர்களுக்கு அந்தக் கம்பெனியைத் தெரியும். வெள்ளாறு சிமெண்ட். புதிதாக ஒரு மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். மூட்டை, சுவர் விளம்பரம், கடைப் பலகை எல்லாவற்றுக்கும் டிசைன் செய்யும் வேலை ஜெயசித்ராவின் ‘கவியா கிராபிக்ஸ்’ கைக்கு வந்திருக்கிறது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு சந்துக்குள் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்த கடைக்கு இப்படி ஒரு வேலை வருவது கனவிலும் நடக்காத காரியம். முத்துவேல் மாதத்தில் பாதி நாள் லாரியில் இருக்கிறான். இந்த வேலை நிலைத்தால் அவனை வீட்டோடு இருக்கச் சொல்லலாம் என்று அவள் மனதுக்குள் ஒரு கோட்டையே கட்டி வைத்திருந்தாள்.

கம்பெனி மேனேஜர் செல்லதுரை போட்ட நிபந்தனை ஒன்றுதான். எழுத்துக்கு முறையான லைசென்ஸ் வேண்டும். போன வருஷம் வேறொரு கடை செய்துகொடுத்த காலண்டரில் காப்பியடித்த ஃபாண்ட் இருந்து, அதன் சொந்தக்காரர் கம்பெனிக்கே வக்கீல் நோட்டீஸ் விட்டதில் அவர் நாற்காலியே ஆடிப்போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது இல்லையா?

ஜெயசித்ராவும் ஏனோதானோ என்று எழுத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிமெண்ட் மூட்டையின் நெசவில் மை பரவும். மெலிந்த எழுத்து உடைந்துபோகும், சின்னச் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். ஒவ்வொரு எழுத்தையும் காலி மூட்டையில் அடித்து, எதிர்க் கடை வாசலுக்குப் போய் நின்று தூரத்திலிருந்து பார்த்தாள். தெருவே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. கடைசியில், சென்னையில் எழுத்து வரைவதையே தொழிலாகக் கொண்ட அழகேசன் என்பவரின் கருங்கல்தான் மூட்டையில் அசையாமல் நின்றது. அவர் அதை அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, வேறு கைக்குப் போகக் கூடாது, அச்சகத்துக்கு அனுப்பும்போதுகூட எழுத்தைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இன்றைக்கு அந்த அழகேசனே காலை ரயிலில் வருகிறார். கம்பெனியில் உட்கார்ந்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் வேலை உறுதி.

ஜெயசித்ரா போஸ்டரின் அடியைப் பார்த்தாள். ‘அழகுற வடிவமைப்பு: கவியா கிராபிக்ஸ், பெரம்பலூர்’ என்று போன் நம்பரோடு போட்டிருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இது போன் நம்பரும் கொடுத்துவிட்டுக் கெட்டிருக்கிறது.

டீக்கடை வாசலில் இருந்த காயின் பூத்தில் கடைக்குப் போன் போட்டாள். பாலாஜிதான் எடுத்தான்.

“போஸ்டர் பாத்தீங்களாண்ணி? எப்புடி இருக்கு?”

“எந்த ஃபாண்ட்ல அடிச்ச தம்பி?”

“நம்ம கருங்கல்தான். அதவிட எடுப்பா நம்மகிட்ட வேற என்னா இருக்கு?”

“அது நம்மளுது இல்ல.”

“நீங்க வாங்குனதுதானேண்ணி?”

அவன் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்தத் தொழிலில் எழுத்து என்பது பக்கத்து வீட்டில் வாங்கும் உறைமோர் மாதிரி. கொடுத்தவருக்கும் குறையாது, வாங்கியவரும் திருப்பித் தர வேண்டாம். பாலாஜி தொழில் படித்த கடையில் ஒரு சிடி நிறைய எழுத்து இருந்தது, யார் வரைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை.

படமாக மாற்றித்தானே அச்சகத்துக்குக் கொடுத்தாய் என்று கேட்டாள். அவன் மென்று விழுங்கிச் சொன்னான். பிரவீணாவின் புகுந்த வீட்டில் யார் யார் பெயர் போடுவது என்பது கடைசி வரை முடிவாகவில்லையாம். விசேஷ போஸ்டரில் ஒரு பங்காளியின் பெயர் விட்டுப்போனால் போதும், மனுஷன் மொய் எழுத வரமாட்டார், வந்தாலும் இலையில் உட்கார மாட்டார். படமாக மாற்றிவிட்டால் பெயர் சேர்க்க முடியாது. அதனால் ஃபாண்ட்டையும் சிடியில் போட்டே திருச்சி அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டான். நினைத்தபடியே கடைசி நேரத்தில் ஒரு பெரியப்பாவைச் சேர்க்க வேண்டி வந்தது, அவர்களே சேர்த்து அடித்துவிட்டார்கள்.

“எங்கெங்க ஒட்டியிருக்கு?”

“ஒரு எடம் விடலண்ணி. அண்ணங்கூட ஓட்டுற டிரைவருங்க பாக்கட்டும்னு கம்பெனி கேட்டுக்கு எதுத்த சுவத்துல வரிசையா ஒட்டச் சொன்னேன்.”

ஜெயசித்ரா கண்ணை மூடித் திறந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு உடனே அரியலூருக்கு வா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கம்பெனிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தவள் வெளியே பார்க்கவே கூடாது என்றுதான் நினைத்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அரிசி மண்டியில் பாலாஜி. டிரான்ஸ்பார்மரில் பாலாஜி. இடிந்த சுவர் ஒன்றில் பாதி பாலாஜி.

கேட்டுக்கு எதிர்ச்சுவரில் வரிசை கட்டி ஒட்டியிருந்தார்கள். லாரிகள் உள்ளே போகக் காத்துக் கிடந்தன. கோடியில் ஒரு ஆடு பின்னங்காலில் எழும்பி, பசை ருசிக்காகப் போஸ்டரை நிதானமாக உரித்துத் தின்றுகொண்டிருந்தது. யாரும் அதை ஏன் என்று கேட்கவில்லை. ஜெயசித்ராவுக்கு ஆட்டின் மேல் பொறாமையே வந்தது.

சுற்றிலும் பார்த்தாள். கேட்டுக்கு நேராக இருந்த போஸ்டரின் மேல் ஓரத்தில் நகத்தை விட்டாள். காய்ந்த பசை முதலில் பிடிவாதம் பிடித்தது. பிறகு சரக்கென்று வந்தது. எழுத்தோடு நிற்காமல் கிழிசல் கீழே இறங்கி, பிரவீணாவின் பெரிய பிள்ளையின் நெற்றி வரைக்கும் போய் நின்றது.

“அண்ணி.”

திரும்பினாள். பிரவீணா நின்றிருந்தாள், இடுப்பில் பத்திரிகைப் பையும் கையில் குங்குமச் சிமிழுமாக. அவள் புருஷன் இந்தக் கம்பெனியில்தான் மூட்டை கட்டும் பிரிவில் இருக்கிறான். அவன் கூட வேலை செய்கிறவர்களுக்குப் பத்திரிகை வைக்கப் பிரவீணா தன் மாமியார் சிந்தாமணியோடு வந்திருக்கிறாள். சிந்தாமணி பின்னால் ஆட்டோக்காரரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், நல்லவேளையாக இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“ஆடு தின்னா பரவால்லண்ணி. நீங்களா?”

இந்த எழுத்து வேறொருவருடையது, கம்பெனிக்கென்று வாங்கியது, இங்கே இருக்கக் கூடாதது என்று ஜெயசித்ரா தட்டுத் தடுமாறிச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாகக் காதில் விழுகிறது என்று அவளுக்கே தெரிந்தது.

“எழுத்துக்காவயா எம்புள்ள மூஞ்சியக் கிழிச்சீங்க?”

“தெரியாம இறங்கிடுச்சு பிரவீணா. உஞ் சத்தியமா.”

“என்னையக் கட்டிக்குடுத்தப்ப எங்க மாமியா வூட்டுல என்னா சொன்னாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். கூலி வேல செஞ்ச வூடு, சீரு ஒரு கூடைக்கு மேல வராதுன்னாங்க. நேத்து அவங்களே இந்தச் சுவத்துகிட்ட நின்னு ரெண்டு தடவ படிச்சாங்கண்ணி. நான் பின்னால நின்னு அழுதுட்டேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் ஜெயசித்ராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிரவீணா பத்திரிகைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமியாரை நோக்கி நடந்தாள்.

இனி எந்தப் போஸ்டரின் மேலும் கை வைக்க முடியாது. ஜெயசித்ரா கிழிசலைத் தூக்கி, சுவரில் மிச்சமிருந்த பசையில் எச்சில் தொட்டு ஒட்டப் பார்த்தாள். பிள்ளையின் நெற்றியில் ஒரு கோடு நின்றுவிட்டது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குள் போனாள்.

செல்லதுரையின் அறை மாடியில் இருந்தது. ஏசிக்காக ஜன்னலைச் சாத்தித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். அழகேசன் ஏற்கெனவே வந்திருந்தார், ஒல்லியான மனிதர், மடியில் துணிப்பை. ஸ்டேஷனிலிருந்து கம்பெனி கார் பின்பக்கக் கேட் வழியாகக் கூட்டி வந்ததாம். ஆக, அவர் இன்னும் சுவரைப் பார்க்கவில்லை.

அந்த நிமிஷத்தில் ஜெயசித்ராவின் மனம் போன போக்கை எழுதத்தான் வேண்டும். பின்பக்கமாகவே வந்தவர் பின்பக்கமாகவே போய்விட்டால்? ஞாயிறு கழிந்தால் திங்கட்கிழமை இன்னொருவர் கண்ணீர் அஞ்சலியை மேலே ஒட்டிவிடுவார். ஒரு மழை வந்தால் எல்லாம் கரைந்துவிடும். இப்படியே நினைத்துக்கொண்டு மேஜைமேல் மூட்டை மாதிரியை விரித்துக் காட்டினாள். செல்லதுரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழகேசன் மூட்டையில் தன் எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, சுழி அடைத்துக்கொள்ளாமல் வந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்.

பத்திரத்தை நீட்டினார்கள். இந்த எழுத்து வேறு எங்கும், வேறு எதற்கும் பயன்படுத்தப்படவில்லை என்று ஒரு வரி. அதன் கீழே அவள் பெயர்.

பேனாவை எடுத்தாள். விரல் இடுக்கில் காய்ந்த பசை வெள்ளையாகத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சுவர் நிறைய ஒட்டிய கொழுந்தனை எந்தச் சோற்றில் மறைப்பது? பயம் ஒரு பக்கம் இருக்க, பிள்ளையின் நெற்றியைக் கிழித்த கையால் இதிலும் பொய்க் கையெழுத்தா என்று நினைத்துப் பேனாவைக் கீழே வைத்தாள்.

“சார், அந்தத் திரைய விலக்கி எதுத்த சுவத்தக் கொஞ்சம் பாருங்க.”

செல்லதுரை எழுந்துபோய் விலக்கினார். அவர் முதுகு விறைப்பதை ஜெயசித்ரா பார்த்தாள். அழகேசனும் போய்ப் பக்கத்தில் நின்றார். அவள் இருந்த இடத்தில் இருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். கொழுந்தன் ஃபாண்ட்டைச் சிடியில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பியது, அவனுக்குத் தெரியாமல் போனது, அவனுக்கு விளங்கும்படி தான் சொல்லிவைக்காமல் விட்டது. பிரவீணாவின் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னாள். செல்லதுரை திரும்பி, உங்களை நம்பித்தானே மேலிடத்தில் பேசினேன் என்று ஆரம்பித்து, போன வருஷத்து நோட்டீஸ் வரைக்கும் போய் வந்தார்.

அழகேசன் ஜன்னலை விட்டு வர நேரமாயிற்று. வந்தவர் முகத்தில் கோபம் இல்லை.

“நான் இந்த எழுத்த இவ்வளவு பெருசா இதுவரைக்கும் பாத்ததில்லைங்க” என்றார். குடும்ப விசேஷம், ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, அதை மட்டும் விலக்காக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று செல்லதுரையைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் ஜெயசித்ராவின் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். அச்சகத்துக்குச் சிடியில போன ஃபாண்ட் அங்க இருக்கக் கூடாது. ஒங்க கைக்குத் திரும்பி வந்துடுச்சா?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இருந்த தைரியத்தையெல்லாம் திரையை விலக்குவதிலேயே செலவழித்துவிட்டாள். இல்லை என்று சொன்னால் இப்போதுதான் திறந்த கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். இன்றைக்கே திருச்சிக்குப் போனால் சாயங்காலத்துக்குள் சிடி கையில் இருக்கும். சாயங்காலம் உண்மையாகப் போவதை இப்போதே சொன்னால் என்ன?

“வந்துடுச்சு சார்.”

விலக்கை எழுதிச் சேர்த்தார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். செல்லதுரை இனிப்பு வரவழைத்தார். ஜெயசித்ரா அதை வாயில் போட்டாள், ருசி தெரியவில்லை.

கீழே கேட்டுக்கு வெளியே பாலாஜி வண்டியோடு நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டுவதற்கு அவளிடம் இப்போது வாய் இல்லை. சிடி எங்கே என்று மட்டும் கேட்டாள். அச்சகத்தில்தான் இருக்கிறது, போய் ஒரு வாரம் ஆகிறது என்றான். வண்டியைத் திருச்சிக்கு விடச் சொல்லி ஏறப் போனவளை யாரோ தொட்டார்கள்.

பிரவீணா. கண் சிவந்திருந்தது. அவள் சிந்தாமணியை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக வந்திருந்தாள்.

“எங்க மாமியா கிழிசலப் பாத்துட்டாங்க. ஆடு கிழிச்சிடுச்சுன்னு சொல்லிருக்கேன்” என்றாள். “ஞாயித்துக்கெழம நேரத்தோட வந்துடுங்கண்ணி. பெரியவன ஒங்க மடியில ஒக்கார வச்சுத்தான் காது குத்தணும்.”

ஜெயசித்ரா தலையை ஆட்டினாள். பிரவீணா அவள் விரலில் இருந்த பசையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு ஆட்டோவுக்குப் போனாள்.

பாலாஜி வண்டியை விரட்டினான். வழியெல்லாம் அவனுக்கு அவள் பேசாமல் வருவதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. இனிமேல் கேட்காமல் எதையும் எடுக்க மாட்டேன், திருச்சியில் அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்தும் நானே அழித்துவிட்டு வருகிறேன் என்று காற்றில் கத்திக்கொண்டே வந்தான். அவளுக்கோ ‘வந்துடுச்சு சார்’ என்று தான் சொன்ன குரலே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தக் குரல்!

கீழப்பழுவூர் முக்கூட்டில் வண்டி மெதுவானது. ஒரு ஆள் ஏணி போட்டு, பக்கெட்டில் பசையைக் குழைத்துச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான். பாலாஜிக்கு அண்ணியை எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும்.

“அங்க பாருங்கண்ணி, பழுவூரு எல்லையிலயும் நம்ம எழுத்து” என்று கையை நீட்டினான்.

ஜெயசித்ரா ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த உடம்பு, அகலமான பாதம், முனையில் உளி வெட்டு. கருங்கல்தான். ஆனால் அதில் பாலாஜியும் இல்லை, முத்துவேலும் இல்லை. வெள்ளாறு சிமெண்ட்டுக்குப் போட்டியாக இந்த வட்டாரத்தில் கடை பரப்பியிருக்கும் மலைவாசல் சிமெண்ட்டின் மூட்டை ஒன்று போஸ்டரின் நடுவில் நிமிர்ந்து நின்றது. கீழே திருச்சி அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது.

பசை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஏணிக்காரன் அடுத்த போஸ்டரை விரித்தான். அவன் தோளில் கட்டுக்கட்டாக இன்னும் இருந்தன.

பாலாஜியின் நீட்டிய கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

“அண்ணி, மேல போய் என்னா சொல்லிட்டு வந்தீங்க?”

ஜெயசித்ரா வண்டியிலிருந்து இறங்கி, ஈரச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“வந்துடுச்சுன்னு சொன்னேன் தம்பி.”